மூச்சு இருக்கு

எங்கள் டைம் ஆபீஸில் யாரும் சாகமாட்டார்கள். தவறிப் போவார்கள், காலமாவார்கள், கண்ணை மூடுவார்கள், திருவடி சேருவார்கள். கொஞ்சம் பெரிய மனிதராக இருந்தால் ‘பாஸ்டு அவே’ ஆவார்கள். செத்தார் என்கிற சொல் மட்டும் அந்த அறைக்குள் வரக் கூடாது. வராமல் பார்த்துக்கொண்டவர் எங்கள் ஹெட் கிளார்க். அவர் பெயரைச் சொல்லப் போவதில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள், பேரன் பேத்திகள் இருக்கிறார்கள், எதற்கு வம்பு.

பாலக்கரைப் பக்கம் இரும்பை உருக்கி வார்க்கிற கம்பெனி அது. கிணற்றுக் கப்பி, கரும்பு ஆட்டுகிற உருளை, பம்புக்கு உறை என்று என்னென்னவோ வார்ப்பார்கள். முந்நூறு பேர் வேலை பார்த்தார்கள். கேட்டை ஒட்டி ஒரு சின்ன அறை, இரண்டு மேஜை, ஒரு கடிகாரம், ஒரு மண்பானை. அதுதான் டைம் ஆபீஸ். யார் எத்தனை மணிக்கு வந்தான், யாருக்கு லீவு, யாருக்கு எந்த ஷிப்ட் என்று எழுதுவது எங்கள் வேலை. ஒரு மேஜை அவருக்கு, ஒன்று எனக்கு. பதினொரு வருடம் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருந்தோம். என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். ஸ்ரீரங்கத்திலிருந்து சைக்கிளில் வருவார். நெற்றியில் நாமம், மேலே ஒரு பழைய கோட்டு, ஹாண்டில்பாரில் புளியோதரை டப்பா. காக்காய்கூடக் கூடுதல் கறுப்பாகத் திரிந்த அந்த இடத்தில் அவர் வேட்டி மட்டும் சாயங்காலம் வரைக்கும் வெள்ளையாக இருக்கும்.

நான் உறையூர்க்காரன். எங்கள் வீட்டில் சாவு என்றால் சாவுதான். எனக்குப் பொதுவாகவே மூக்குக்கு மேல் கோபம் வரும். சுற்றி வளைத்துப் பேசுகிறவர்களைக் கண்டால் கேட்கவே வேண்டாம். அப்படிப்பட்டவனைக் கொண்டுபோய் அவருக்கு எதிரில் உட்கார வைத்தார்களே, அதைச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் ரிஜிஸ்டர் அலமாரிக்குள் எலி ஒன்று செத்து நாறியது. அவர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாட்ச்மேனைக் கூப்பிட்டார். “உள்ளே ஒண்ணு அசையாம இருக்கு பாரு. வெளியே எடுத்துண்டு போ.” வாட்ச்மேன் பாம்பு என்று நினைத்துத் தடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். விளக்கை அணை என்று சொல்லமாட்டார், அமர்த்து என்பார். அது பல வீடுகளில் உள்ள வழக்கம்தான். ஆனால் கொஞ்ச நேரம் பொறு என்பதற்கு அவர்கள் வீடுகளில் ‘செத்த இரு’ என்பார்களே, அதைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை. ‘சித்த இரும்’ என்பார். அந்தச் சொல்லின் வாடைகூட வாயில் படக் கூடாதாம்.

இப்படி ஒரு மனிதர் இருந்தால் பின்னால் ஏதோ ஒரு கதை இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. சின்ன வயதில் அப்பாவைப் பறிகொடுத்தாரோ, தலைச்சன் பிள்ளை தங்கவில்லையோ என்று விசாரித்துப் பார்த்தேன். ஒரு மண்ணும் இல்லை. அப்பா, அம்மா இரண்டு பேரும் கல்லு மாதிரி கீழச் சித்திரை வீதியில் உட்கார்ந்திருந்தார்கள். நாலு பிள்ளைகளும் சௌக்கியம். அவருக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அவருக்கு ரொம்பப் பிடித்தது பாஸ்டு அவே. ஆட்கள் வருகையைக் குறிக்கிற ரிஜிஸ்டரில், இறந்துபோனவன் பெயருக்கு நேரே அதைத்தான் எழுதுவார், முத்து முத்தான கையெழுத்தில். எங்கள் ஃபோர்மன் ஓர் ஆங்கிலோ இந்தியர், பொல்லாத மனிதர். ஒருதடவை ரிஜிஸ்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மேஜையில் போட்டார்.

“வாட் மேன் இது? ஆள் செத்துட்டானா, வேலையை விட்டுட்டுப் போயிட்டானா? டெட்னு எழுது. நாலு எழுத்து.”

“உங்க பாஷைதானே சார்.”

“என் பாஷைலதான் சொல்றேன், டெட்னு எழுது.”

அவர் சிரித்துக்கொண்டே மையொற்றுத் தாளை அந்த வரியின் மேல் வைத்து அழுத்தினார். மாற்றவில்லை. ஃபோர்மன் போனதும் என் பக்கம் திரும்பினார். “பாஸ்டு அவேன்னா என்ன ஓய்? கடந்து போயிட்டார். இங்கேருந்து கிளம்பி இன்னோரிடத்துக்குப் போயிட்டார்னு அர்த்தம். அதுல பொணம் இருக்கா, பாடை இருக்கா? வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனதுலேயே உருப்படி இது ஒண்ணுதான்.”

“அப்ப எக்ஸ்பயர்டு?” என்றேன், சீண்டுவதற்காக.

“சீ! ரேடியோ லைசென்ஸ் எக்ஸ்பயர் ஆகும். மனுஷன் ஆவானா?”

ஆனால் ஊர்களிலிருந்து வருகிற தந்திகளில் அந்தச் சொல்தான் இருக்கும். ஃபாதர் எக்ஸ்பயர்டு, மதர் எக்ஸ்பயர்டு, ஸ்டார்ட் இமீடியட்லி. எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான் வரும். இங்கிலீஷ் எங்கே வரும்? அவர்கள் குடியிருந்த சந்துகளுக்கு ஒழுங்கான விலாசமும் கிடையாது. ஊரில் எல்லோரும் கம்பெனி விலாசத்துக்குத்தான் தந்தி அடிப்பார்கள். கம்பெனிக்கு வருகிற தந்தி எதுவானாலும் டைம் ஆபீஸுக்குத்தான் வர வேண்டும் என்று ஒரு சட்டம் இருந்தது. அது அவர் போட்ட சட்டம்.

அதற்குக் காரணம் இருந்தது. நான் சேருவதற்கு முந்தின வருடம் தந்திக்காரன் நேரே உள்ளே போய்விட்டானாம். உருக்கின இரும்பை வாளியில் எடுத்து, இரண்டு பக்கமும் கம்பி கோத்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள். எவனோ ஒரு படித்த அதிகப்பிரசங்கி தந்தியை வாங்கிப் பிரித்து, வாளி தூக்கிக்கொண்டிருந்தவனைப் பார்த்து, “டேய், உங்கப்பா செத்துட்டாருடா” என்று அங்கிருந்தே கத்தியிருக்கிறான். கேட்டவன் கம்பியை விட்டுவிட்டான். மறுபக்கம் பிடித்திருந்தவனுக்கு முழங்காலுக்குக் கீழே கால் போயிற்று. அவனுக்குப் பிறகு கேட்டில் வாட்ச்மேன் வேலை கொடுத்தார்கள். எலியை எடுக்க வந்தானே, அவன்தான்.

அன்றிலிருந்து தந்தி வந்தால் அவர் படிப்பார். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைப்பார். பிறகு மேஸ்திரியிடம் சொல்லி, அந்த ஆள் கையிலிருக்கும் வேலையை இறக்கி வைக்கிற வரைக்கும் காத்திருப்பார். ஆள் வந்ததும் முதலில் சாப்பிட வைப்பார். கேட்டுக்கு எதிரில் ஒரு இட்லிக் கடை உண்டு. நாலு இட்லி, ஒரு காபி, அவர் கணக்கில். இழவு வீட்டில் பிணத்தை எடுக்கிற வரைக்கும் அடுப்பு மூட்டமாட்டார்கள் அல்லவா? ஊர் போய்ச் சேருகிற வரைக்கும், சேர்ந்த பிறகும், அவனுக்கு ஒரு வாய் சோறு யார் போடப் போகிறார்கள்? செய்தியைச் சொல்லிவிட்டால் தொண்டையில் இறங்காது. அதனால் சாப்பாடு முதலில், சேதி பிறகு. சேதியும் முழுதாக வராது.

“உங்கப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸாம். பயப்படாதே. மூச்சு இருக்கு. கிளம்பிப் போ.”

இதுதான் அவர் சொல்வது. காகிதத்தில் எக்ஸ்பயர்டு என்று கொட்டை எழுத்தில் இருக்கும், அவர் வாய் மூச்சு இருக்கு என்று சொல்லும். ஆளைத் தனியாக அனுப்பவும் மாட்டார். என்னையோ வேறு யாரையோ சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட அனுப்புவார். ஏழெட்டு தடவை நான் போயிருக்கிறேன். பக்கத்தில் நடந்து வருகிறவன், “சார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருப்பாங்க இல்ல?” என்று கேட்பான். நான், “இருக்கும், இருக்கும்” என்பேன்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் அவரிடமே கேட்டுவிட்டேன். “ஏன் சார் இப்படிப் பொய் சொல்றீங்க? ஊருக்குப் போனா தெரியத்தானே போவுது?”

“எங்கே போறான் அவன்?”

“காரைக்குடி.”

“மூணு மணி நேரம் பஸ். அந்த மூணு மணி நேரமும் அவனுக்கு அம்மா இருக்கா. அதைப் பிடுங்கறதுக்கு நீர் யாரு?”

பாவி மனுஷன், எதையாவது சொல்லி வாயை அடைத்துவிடுவார்.

ஆனால் அதற்குப் பதில் வேறு ஒருவன் சொன்னான். துறையூர்ப் பக்கத்துக்காரன், மண் அச்சுப் பிடிக்கிறவன். அப்பா போய்விட்டார் என்று தந்தி. இவர் வழக்கம்போல மூச்சு இருக்கு என்றார். அவன் நம்பவில்லை. “நெஜமாவா சாமி?” என்று இரண்டு தடவை கேட்டான். அவன் முகத்தைப் பார்த்து இவருக்கு என்ன தோன்றியதோ, “ரங்கநாதன்மேல சத்தியமா மூச்சு இருக்கு, போடா” என்றுவிட்டார். அவன் சிரித்தேவிட்டான். பத்தாம் நாள் காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்து எங்கள் அறை வாசலில் நின்றான்.

“ஆரஞ்சுப் பழம் வாங்கிட்டுப் போனேன் சாமி. நோயாளிக்கு நல்லதுன்னு ஒரு டஜன். பஸ்ஸுல பக்கத்துல இருந்த பிள்ளைக்கு ஒண்ணு உரிச்சுக் குடுத்து வெளையாட்டுக் காட்டிக்கிட்டே போனேன். தெரு முனையில இறங்குறேன், பாடை கட்டிக்கிட்டிருக்காங்க. பழத்தைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறேன் சாமி. ஊரே பாக்குது.”

சொல்லிவிட்டு உள்ளே வேலைக்குப் போய்விட்டான். அவர் அன்றைக்குப் புளியோதரை டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டு போனார். திருந்திவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த மாதம் இன்னொரு தந்தி வந்தது. கண்ணாடியைத் துடைத்தார். மூச்சு இருக்கு என்றார்.

விஷயம் கம்பெனி முழுக்கத் தெரிந்து போயிற்று. எப்படித் தெரியாமல் இருக்கும்? முந்நூறு பேர், வருடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தந்தி. மேஸ்திரி வந்து, “சாமி கூப்பிடுது, இட்லி சாப்பிட வா” என்றாலே ஆளுக்கு விஷயம் புரிந்துவிடும். மூச்சு இருக்கு என்று அவர் வாயைத் திறப்பதற்குள் அவன் தலையில் அடித்துக்கொள்வான். இது எனக்குத் தெரியும், வாட்ச்மேனுக்குத் தெரியும், ஃபோர்மனுக்குத் தெரியும். அவர் ஒருவருக்கு மட்டும் தெரியவில்லை. தன் சொல் இன்னும் வேலை செய்கிறது என்றே நம்பிக்கொண்டிருந்தார்.

நயா பைசா வந்த புதிது. பங்குனி மாதம். காலை ஒன்பதரை மணிக்குத் தந்தி வந்தது, செல்லையாவுக்கு. செல்லையா மணப்பாறைக்குப் பக்கத்து ஊர்க்காரன், வாளி தூக்குகிறவன், முப்பது வயது இருக்கும். தாய் தகப்பன் இல்லை. ஒரே ஒரு தங்கை, அஞ்சலை. அவன் வளர்த்து, அவன் கட்டிக் கொடுத்தவள். மணப்பாறையில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். புருஷனுக்கு மாட்டுச் சந்தையில் தரகு. மாதம் ஒரு தடவை முறுக்கு சுட்டு யார் கையிலாவது கொடுத்து அனுப்புவாள். டைம் ஆபீஸுக்கும் அதில் இரண்டு வரும்.

அவர் தந்தியைப் பிரித்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை. விருட்டென்று எழுந்து, காகிதத்தை என் மேஜையில் போட்டு, “பாரும், பாரும்” என்றார். அஞ்சலை சீரியஸ், ஆஸ்கிங் யூ, ஸ்டார்ட் இமீடியட்லி. உன்னைக் கேட்கிறாள். கேட்கிறாள் என்றால் உயிரோடு இருக்கிறாள். நான் படித்து முடிப்பதற்குள் அவர் தந்தியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே ஓடினார். அந்தப் பதினொரு வருடத்தில் அவர் உலைக் கொட்டகைக்குள் காலெடுத்து வைத்து நான் பார்த்ததில்லை. வெள்ளை வேட்டியோடு கரிக்குள் ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

நல்லவேளை, செல்லையா அப்போது சும்மாதான் நின்றான். “செல்லையா, ஓடு! பத்தேகாலுக்கு பஸ் இருக்கு. உன் தங்கைக்கு உடம்பு முடியலை, உன்னைக் கேட்கறாளாம். மூச்சு இருக்கு, ஓடு!”

செல்லையா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான்.

“எப்ப சாமி?”

“என்னடா எப்ப? எழுந்திரு. இருக்காடா அவ!”

“எப்ப போனா, சொல்லிடுங்க சாமி. நான் தாங்கிக்குவேன்.”

சுற்றிலும் ஆட்கள் வேலையைப் போட்டுவிட்டு வந்து நின்றார்கள். ஒருத்தர் முகத்திலும் சந்தேகம் இல்லை. துறையூர்க்காரனும் நின்றான். அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “ரங்கநாதன்மேல சத்தியமா…” என்று தொடங்கினார். துறையூர்க்காரன் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டார்.

“ஓய், நீர் படியும். அவனுக்குப் படிச்சுக் காட்டும்” என்று என்னிடம் நீட்டினார். நான் ஒவ்வொரு வார்த்தையாக இங்கிலீஷில் படித்து, தமிழில் சொன்னேன். செல்லையா என்னை நிமிர்ந்து பார்த்தான். “நீங்களும் அவருக்கு எதிர் மேஜைதானே சார்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. பாவம், தெரிந்ததைச் சொன்னான்.

அப்போதுதான் அவர் கத்தினார். தொண்டை நரம்பு புடைக்க, எச்சில் தெறிக்கக் கத்தினார். “சாகலைடா! அவ சாகலைடா! செத்துப் போகலைடா பாவி!”

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வந்து யாரும் கேட்டதில்லை. பின்னால் யாரோ ஒருவன் மெதுவாக, “சாமி வாயிலேயே வந்துடுச்சே” என்றான். அவ்வளவுதான். செல்லையா ஓவென்று மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தான். அந்த மனிதர் எதைச் சொன்னாலும் இனிமேல் அது இழவுச் சேதிதான் என்று ஆகிவிட்டது. அவர் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கு அவரைப் பார்க்கவே பயமாக இருந்தது.

என்னைத்தான் கூட அனுப்பினார். இந்தத் தடவை சத்திரம் வரைக்கும் இல்லை, மணப்பாறை வரைக்கும். “எப்படியாவது பத்தேகால் பஸ்ஸுல ஏத்திடும்” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தந்தியை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார்.

கேட்டைத் தாண்டியதும் செல்லையா பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பவில்லை. காந்தி மார்க்கெட் பக்கம் திரும்பினான்.

“டேய், பஸ் போயிடும்டா.”

“கோடி எடுக்கணும் சார். பொறந்த வீட்டுக் கோடி இல்லாம எப்படிப் போறது? அவளுக்குன்னு நான் ஒருத்தன்தானே இருக்கேன். வெறுங்கையோட போய் நின்னா, நாதியத்தவளா போயிட்டான்னு ஊரு பேசாது?”

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கல்யாணமான பெண் இறந்தால் பிறந்த வீட்டுக்காரர்கள் புதுச் சேலை கொண்டுவந்து போர்த்த வேண்டும். அதுதான் பிறந்த வீட்டுக் கோடி. மாலையும் கொண்டுவர வேண்டும். அது வருகிற வரைக்கும் பிணத்தை எடுக்காமல் காத்திருப்பார்கள். அண்ணன் தம்பி இருந்தும் கோடி வரவில்லை என்றால் அதைவிடக் கேவலம் அந்தப் பெண்ணுக்கு இல்லை. செல்லையா அந்தப் பழியைத் தங்கைமேல் வர விடமாட்டான். சேலை எடுத்து, மாலை கட்டச் சொல்லி, அதை வாழை இலையில் சுற்றி வாங்கிக்கொண்டு நாங்கள் சத்திரத்துக்கு வந்தபோது மணி பதினொன்றே கால். அடுத்த பஸ் பன்னிரண்டரைக்கு. இலைப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தோம்.

மணப்பாறையில் இறங்கி அந்தத் தெருவுக்குள் திரும்பினோம். பந்தல் இல்லை. மேளம் இல்லை. வாசலில் ஒரு கூட்டம் இல்லை. ஒரு கிழவி முறுக்குக்கு மாவு இடித்துக்கொண்டிருந்தாள். “செல்லையா, நில்லு” என்று அவன் தோளைப் பிடித்தேன். அவன் அதற்குள் பொட்டலத்தைப் பிரித்துவிட்டான். ஒரு கையில் மாலை, ஒரு கையில் மடிப்புக் கலையாத சேலை, “என்னைப் பெத்த தாயே, அஞ்சலே” என்று ஊரே கேட்கும்படி கதறிக்கொண்டு உள்ளே ஓடினான்.

அவள் கூடத்தில் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். விஷக் காய்ச்சல், இருபத்தோரு நாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். ஆனால் உட்கார்ந்திருந்தாள். புருஷன் பக்கத்தில் கஞ்சிக் கிண்ணத்தோடு இருந்தான்.

செல்லையாவின் சத்தம் பாதியில் நின்றுவிட்டது. அவள் அண்ணன் முகத்தைப் பார்த்துச் சிரிக்கப் போனாள். அப்புறம் மாலையைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள். நோயாளிக்குத் தெரியாது என்றெல்லாம் சொல்வார்கள். அவளுக்குத் தெரிந்தது. எங்கள் பக்கத்துப் பெண், அதைத் தெரியாமல் எப்படி இருப்பாள்?

“எனக்கா அண்ணே?” என்றாள்.

“இல்ல தாயி, இது… வருசப் பொறப்பு வருதுல்ல, அதுக்கு… மாலை சாமிக்கு, வேப்பிலை மாரியாத்தாளுக்கு வேண்டிக்கிட்டேன்…” என்று செல்லையா உளறினான்.

“அப்ப நான் பொழைக்கமாட்டேனா அண்ணே?”

அவள் மெல்லப் படுத்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு கஞ்சி குடிக்கவில்லை. கூப்பிட்டால் திரும்பவில்லை. செல்லையா ராத்திரி முழுக்க அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விடியும்போது போய்விட்டாள். மத்தியானம் வரைக்கும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அண்ணன் வருமா வருமா என்று கேட்டுக்கொண்டே இரண்டு வேளை கஞ்சி குடித்தாள் என்று புருஷன் சொல்லிச் சொல்லி அழுதான். “உசிரோட இருக்கான்னு புரியிற மாதிரி எழுதுங்கன்னு தபாலாபீசுல கெஞ்சிக் கேட்டேனே சார்” என்றான். அந்தச் சேலையைத்தான் போர்த்தினார்கள். காய்ச்சலிலேயே போயிருப்பாள் என்று சிலர் சொன்னார்கள். கோடியைப் பார்த்துவிட்டாள், அதான் என்று பெண்கள் சொன்னார்கள். எனக்கு எது நிஜம் என்று தெரியாது.

நான் திரும்பி வந்ததும் அவர், “பார்த்தானா? உசிரோட பார்த்தானா?” என்று கேட்டார். எனக்கு ஆத்திரம். மூன்று நாள் தூக்கம் இல்லாத ஆத்திரம். ஒரு வார்த்தை மெத்தென்று சொல்லவில்லை. உட்கார்ந்திருந்தவள் முன்னால் கோடியோடு போய் நின்றதை, அவள் கேட்டதை, சுவர்ப் பக்கம் திரும்பியதை எல்லாம் முகத்துக்கு நேரே சொன்னேன். “உங்க மூச்சு இருக்குதான் சார் அவளைக் கொன்னுச்சு” என்றும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தார். அன்றைக்கு முழுக்க அதைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு அச்சுக்காரனுக்குத் தந்தி வந்தது. அவனை வரச் சொன்னார். இட்லி வாங்கவில்லை, உட்காரச் சொல்லவில்லை. “உங்கம்மா செத்துப் போயிட்டா. நேத்து சாயங்காலம்” என்றார். அவன் அவரையே வெறித்துப் பார்த்தான். “இப்படியா சாமி சொல்றது?” என்று கேட்டுவிட்டு வெறும் வயிற்றோடு போனான். இத்தனை வருடம் இதைத்தானே நான் கேட்டேன்? அன்றைக்கு என்னால் அந்தப் பக்கம் தலையைத் திருப்ப முடியவில்லை.

பதினாறாம் நாள் முடிந்து செல்லையா வேலைக்கு வந்தான். நேரே டைம் ஆபீஸுக்குள் நுழைந்தான். அவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அடிப்பான் என்று நினைத்தார் போலிருக்கிறது, நானும் அப்படித்தான் நினைத்தேன். செல்லையா கீழே விழுந்து அவர் காலைத் தொட்டான்.

“நீங்க நெஜத்தைத்தான் சொன்னீங்க சாமி. அந்த வார்த்தையை வாயால சொல்லிக்கூடச் சொன்னீங்க. நான்தான் பாவி, நம்பல.” பிறகு என் பக்கம் பார்த்தான். “இந்த சாரும் வழி நெடுகச் சொல்லிக்கிட்டேதான் வந்தாரு. கோடி வேண்டாம்டா, இருக்காடா, இருக்காடான்னு கடைசி வரைக்கும் சொன்னாரு. நான் காதுலயே வாங்கல.”

அவர் அழுதுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். “நீராவது கடைசி வரைக்கும் சொன்னீரே ஓய். எனக்கு அது போதும்” என்றார்.

கேட்டைத் தாண்டியதும், பஸ் போயிடும்டா என்று ஒரு தடவை சொன்னேன். அதோடு சரி. என் சட்டைப் பையில் தந்தி இருந்தது, நானே இரண்டு தடவை படித்தது, நான் இங்கிலீஷ் தெரிந்தவன். இருந்தாலும் பதினொரு வருடம் அவருக்கு எதிரில் உட்கார்ந்தவன் அல்லவா? காந்தி மார்க்கெட் பக்கத்து ஜவுளிக் கடையில் செல்லையா ஒரு சிவப்பையும் ஒரு பச்சையையும் எடுத்து வைத்து, கண்ணீர் மறைக்க, எது சார் என்று கேட்டான். “சுமங்கலியாப் போயிருக்கா, பச்சையையே எடு” என்று சொன்னவன் நான். அதை செல்லையா அவரிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.